டெம்போ ஓட்டம் என்றால் என்ன, ஏன் அந்த வேகம்?

ஒரு மணி நேரப் பந்தயத்தில் தாக்குப்பிடிக்கும் வேகத்தில் 20 நிமிடம் விடாமல் ஓடுவதுதான் டெம்போ ஓட்டம். 10 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் முடிப்பவருக்கு அது கிலோமீட்டருக்குச் சுமார் 4 நிமிடம் 10 விநாடி.

வேகம் கூடக்கூடத் தசையில் லாக்டேட் (சர்க்கரை ஆற்றலாகும்போது உண்டாகும் பொருள்; பேச்சுவழக்கில் லாக்டிக் அமிலம்) அதிகம் உருவாகும்; உடல் அதையும் எரிபொருளாக்கித் தீர்க்கும். குழாய் திறந்த சிங்க் மாதிரி: வடிவதற்கு மேல் திறந்தால் தண்ணீர் ஏறும். டெம்போ அந்த விளிம்பு. வாரம் ஒருமுறை பழகினால் வடியும் திறன் கூடும்.

பெரும்பாலும் கெடுவது முதல் கிலோமீட்டரில்தான். மிக வேகமாகத் தொடங்கினால் 20 நிமிடம் முடியும் முன்பே கால் துவளும். அப்படியானால் 5 நிமிடம் நான்கு முறை, நடுவே 1 நிமிடம் மெது ஓட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், பலன் குறையாது.

மறுநாள் கால்வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்பது தவறு: ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும், அந்த வலி தசை இழைகளின் நுண்ணிய சேதத்தால் வருவது.