பங்குனியில் வரும் பணமும் ஐப்பசியில் வராத பணமும்: ஒரு நாட்டுப்புறப் பாடகருக்குப் பதில்

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு 59 வயது. மன்னார்குடி பக்கத்துக் கிராமம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறேன். என்னையும் சேர்த்து எங்கள் செட்டில் 8 பேர். ஒரு நிகழ்ச்சிக்கு 38,000 ரூபாய் பேசுவோம். மற்ற ஏழு பேருக்கும் 17,500, வேனுக்கு 5,000, மைக் செட்டு லைட்டுக்கு 10,000 போக எனக்கு 5,500 நிற்கும். கொரோனாவுக்கு முன்னால் பேசிய அதே தொகைதான் இன்றும். வருடத்துக்கு 56 நிகழ்ச்சி போல வரும். பங்குனி, சித்திரை, வைகாசியில் மட்டும் 30. ஆடியில் 12. தை, மாசியில் 10. ஆவணியிலிருந்து மார்கழி வரை ஐந்து மாதத்துக்கும் சேர்த்து நாலுதான். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதில் மாதம் 3,000 வருகிறது. மூணு மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலம் இருக்கிறது, சாப்பாட்டு நெல்லுக்குச் சரியாக இருக்கும்.

வீட்டுச் செலவு மாதம் 19,000. வாத்தியம், அதன் தோல் மூட்டு மாற்றுவது, துணிமணி என்று வருடத்துக்கு 25,000. போன மழைக்காலத்தில் 80,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினேன், இன்னும் அடைக்கவில்லை. வங்கியில் 1,90,000 டெபாசிட் இருக்கிறது, அதைத் தொடப் பயம். மனைவிக்கு 7 சவரன் நகை.

இப்போது ஓர் ஆல்பம் போட ஆசை. பத்துப் பாட்டு. ஆறு, அம்மாவிடமும் ஊர்ப் பெரியம்மாக்களிடமும் கேட்டுக் கற்ற நடவுப் பாட்டு. நாலு, நானே எழுதி மெட்டுப் போட்டது. ஒலிப்பதிவு, கலைஞர்கள், இரண்டு வீடியோ எல்லாம் சேர்த்து 2,60,000 ஆகும் என்கிறார்கள். மகன் நகையை வைக்கலாம் என்கிறான். இன்னொருவர், தாமே செலவு செய்து, எனக்கும் 50,000 கொடுத்து, எல்லா உரிமையையும் நிரந்தரமாக எழுதிக் கேட்கிறார். என்ன செய்வது? வயதும் ஆகிறது, சர்க்கரை வேறு இருக்கிறது.

பதில்:

வணக்கம் ஐயா. முதலில் இரண்டு கேள்விக்கும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நகையை வைக்க வேண்டாம். நிரந்தரமாக எழுதியும் கொடுக்க வேண்டாம். ஆல்பம் போடுங்கள், ஆனால் பத்துப் பாட்டையும் ஒரே மூச்சில் போடாதீர்கள்.

உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். 56 நிகழ்ச்சிக்கு 3,08,000. வகுப்பில் 36,000. ஆக வருடத்துக்கு 3,44,000. வீட்டுக்கு 2,28,000, வாத்தியத்துக்கு 25,000, வட்டிக்கு மட்டும் 28,800. இதெல்லாம் போக 62,000 ரூபாய் மிச்சம் நிற்க வேண்டும். அந்த மிச்சத்தை நீங்கள் கண்ணால் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். நம் பக்கத்தில் அது போகிற வழி எனக்குத் தெரியும். ஒன்று மொய். இன்னொன்று, வேலை இல்லாத மாதத்தில் செட்டுக்காரர்கள் வந்து நிற்கும்போது நீங்கள் கொடுக்கும் கைமாற்று. பம்பைக்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் கணக்குப் பார்க்கவா முடியும்? கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்று வட்டிக் கடனை இந்த வாரமே அடையுங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். உங்கள் டெபாசிட்டுக்கு 7 சதவீதம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், 80,000-க்கு வருடம் 5,600 வருகிறது, அதே 80,000-க்கு 28,800 கட்டுகிறீர்கள். டெபாசிட்டைத் தொடாமல் காப்பாற்றுவதற்கு நீங்கள் கொடுக்கும் கூலி வருடத்துக்கு 23,200 ரூபாய். நாலு ராத்திரி தொண்டை கிழியப் பாடிய காசு அது. அடைத்துவிட்டால் கையில் 1,10,000 இருக்கும். அதை மழைக்காலத்துக்கென்று வைத்துவிடுங்கள். ஆல்பத்துக்கு அதில் ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், உங்கள் வருமானம் வயலோடு கட்டிப் போட்டது. சம்பா அறுத்து, நெல் காசு ஊருக்குள் வந்தால்தான் பங்குனியிலும் சித்திரையிலும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் தாராளமாகப் பேசுவார்கள். தண்ணீர் இல்லாத வருடத்தில் கச்சேரியைத்தான் முதலில் வெட்டுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தென்னையோடு நம் பக்கத்துத் திருவிழாக்களும் சாய்ந்தன. அது ஆறுவதற்குள் 2020, 2021 இரண்டு வருடமும் சீசன் நேரத்தில் கோவில் திருவிழா இல்லை. அந்த நாட்களில் தவில்காரர்கள் கொத்து வேலைக்குப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். விரலில் கூடு மாட்டுகிற கை, சிமெண்டுச் சட்டி தூக்கியது. இன்னொரு முறை அது நடக்கக் கூடாது.

அப்புறம், உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். கச்சேரிப் பணத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறங்கள். 38,000-மும் அதில் விழட்டும், செட்டுக்கும் வேனுக்கும் அதிலிருந்தே போகட்டும். மாதம் பிறந்ததும் 19,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். சித்திரையிலும் 19,000-தான், ஐப்பசியிலும் 19,000-தான். வீட்டம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள், அவர் உங்களைவிட நன்றாகப் பிடித்துக்கொள்வார்.

ஒரு ராத்திரிக்கு வரும் 5,500-ஐ இப்படிப் பிரித்து மனதில் வையுங்கள்: 3,500 வீட்டுக்கு, 500 வாத்தியத்துக்கு, 1,500 மிச்சம். 56 ராத்திரிக்கு 3,500 வீதம் 1,96,000, வகுப்பு வருமானத்தைச் சேர்த்தால் 2,32,000. பன்னிரண்டு மாதச் சம்பளமும் அதில் வந்துவிடுகிறது. மிச்சம் என்று வைத்த 1,500 வருடத்துக்கு 84,000 ஆகும். அதில் 20,000 மொய்க்கும் கைமாற்றுக்கும். 30,000 மருத்துவக் காப்பீட்டுக்கு. மீதி 34,000 ஆல்பத்துக்கு. மேடையில் ரசிகர்கள் குத்திவிடும் நோட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அது செட்டுக்குப் பொதுவாகவே இருக்கட்டும்.

இனி உங்கள் சம்பளப் பேச்சு. கொரோனாவுக்கு முன்னால் பேசிய தொகையை இன்றும் வாங்குகிறீர்கள், ஆனால் டீசலும் அரிசியும் அன்றைய விலையிலா இருக்கின்றன? 41,000 என்று பேசுங்கள். கூடும் 3,000-த்தில் ஏழு பேருக்கும் ஆளுக்கு 200 போனால் உங்களுக்கு 1,600 நிற்கும். வருடா வருடம் கூப்பிடும் பழைய ஊர்க்காரர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. அவர்களை விட்டுவிடுங்கள். 30 இடத்தில் மட்டும் ஒத்துக்கொண்டாலும் 48,000. வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய் வைத்துப் பேசி முடிக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். வெற்றிலை பாக்கு இருக்கட்டும், அச்சாரம் மூன்றில் ஒரு பங்காவது வங்கியில் வர வேண்டும். மழையால் நின்றால் அச்சாரம் திரும்பாது, வேறு தேதி கொடுப்போம் என்று முதலிலேயே சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முகத்துக்கு நேரே கேட்க உங்களுக்கு வரவில்லை என்றால் செட்டில் ஓர் இளைஞரை அதற்கு வையுங்கள்.

ஆக ஆல்பத்துக்கு 34,000-மும் 48,000-மும் சேர்ந்து 82,000. கடனில்லாமல், நகை பெட்டியிலேயே இருக்க, பாதி ஆல்பம் ஒரு வருடத்திலேயே கைக்குள் வந்துவிடும். உங்களுக்குச் சொன்ன 2,60,000-த்தில் வீடியோ எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். பெரிய துண்டு அதுவாகத்தான் இருக்கும். வீடியோவை இப்போதைக்கு விடுங்கள். நடவுப் பாட்டுக்கு வயலும் வரப்பும் போதும், ஊர்ப் பிள்ளைகள் கைபேசியிலேயே அழகாக எடுத்துக் கொடுப்பார்கள். முதலில் ஐந்து பாட்டுக்கு மட்டும் விலை பேசுங்கள், 75,000-த்துக்குள் முடிக்கப் பாருங்கள். மீதி ஐந்து அடுத்த வருடம்.

பணம் திரும்ப வருமா? பாட்டுச் செயலிகளில் ஒருவர் ஒருமுறை கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது பைசாக் கணக்குத்தான். யூடியூபில் முழு விளம்பரப் பங்கு வரவே 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆகவே ஆல்பம் போட்ட காசைத் தானே எடுத்துத் தரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. அது வேறு வழியில் உதவும். கல்லூரி விழா, சென்னையில் நிகழ்ச்சி, தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் மாதிரியான இடங்கள் என்று கேட்கும்போது ‘இதோ என் பாட்டு’ என்று அனுப்ப உங்களிடம் ஒன்று இருக்கும். ஆவணி முதல் மார்கழி வரையுள்ள வெற்று மாதங்களில் நாலை எட்டாக்கினாலே அது பெரிய லாபம்.

உரிமை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், இங்கேதான் நம் கலைஞர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள். நடவுப் பாட்டு யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஆனால் அதை நீங்கள் பாடிப் பதிவு செய்யும் ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு, அது 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிவுக்கு யார் பணம் போட்டுப் பொறுப்பேற்கிறாரோ, பொதுவாக அவருக்குத்தான் அந்த உரிமை. அதனால்தான் சொந்தக் காசில் ஐந்து பாட்டு போதும் என்கிறேன். நீங்கள் எழுதிய நாலு பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உங்கள் ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை இருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் வரை போகக்கூடிய சொத்து. அதை 50,000-க்கு நிரந்தரமாக எழுதிக் கேட்கிறார்கள்.

அந்த நபரோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டாம். பதிவு செய்து முடித்த பிறகு, ‘ஐந்து வருடத்துக்கு வெளியிட அனுமதி தருகிறேன், வருமானத்தில் பங்கு கொடுங்கள்’ என்று பேசுங்கள். எதில் கையெழுத்துப் போட்டாலும் காலமும் இடமும் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் அர்த்தம். ஆனால் அவர்கள் விடமாட்டார்கள், ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று தெளிவாக எழுதியே கொண்டுவருவார்கள். 2012-இல் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதி வாங்க முடியாது என்று வைத்தார்கள். அந்தப் பங்கு உங்களைத் தேடி வர வேண்டுமென்றால் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பில் உறுப்பினராகி, உங்கள் நாலு பாட்டையும் பதிவு செய்யுங்கள்.

உடம்பு. 60 முடிவதற்குள் கணவன் மனைவி இருவருக்கும் 5 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம், அது கழிந்தால் அதற்கும் சேர்த்து உதவும். மறைத்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நேரத்தில் கையை விரிப்பார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்குத்தான், உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் செட்டில் யாருக்காவது பொருந்தினால், அவர்களை எடுக்க வையுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு நிகழ்ச்சி முடித்து, தூங்காத டிரைவரோடு வேனில் வருகிறீர்கள். வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 70 வயது வரை சேரலாம், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். எட்டுப் பேருக்கும் சேர்த்து 160 ரூபாய். இதை நீங்களே கட்டிவிடுங்கள். 50 வயதுக்குள் இருப்பவர்கள் வருடத்துக்கு 436 ரூபாய் கட்டும் பிரதமரின் ஆயுள் காப்பீட்டிலும், 40-க்குள் இருப்பவர்கள் மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்திலும் சேரட்டும். இவை இரண்டுக்கும் உங்கள் வயது தாண்டிவிட்டது.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உங்கள் பதிவு இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா என்று தஞ்சாவூர் மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் இந்த மாதமே கேளுங்கள். 60-க்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை. வயதாகி நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் மாநில அரசு உதவி இருக்கிறது. இன்றைக்கு அது உங்களைவிட, பாட முடியாமல் வீட்டில் இருக்கும் மூத்தவர்களுக்குத் தேவை. விண்ணப்பம் எழுத அவர்களுக்கு ஆள் இல்லை, நீங்கள் உதவலாம்.

அரசு நிகழ்ச்சிகளில் வரி பிடித்துக்கொண்டு கொடுத்திருந்தால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள். உங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆல்பச் செலவு முடிந்த பிறகு, அதற்கென்று ஒதுக்கி வந்த மிச்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போகட்டும். 60 ஆனதும் தபால் நிலையத்தில் தொடங்கலாம், வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும்.

கடைசியாக ஒன்று. முதல் ஐந்து பாட்டாக நடவுப் பாட்டையே எடுங்கள். நடவு இயந்திரம் வந்த பிறகு வயலில் அந்தப் பாட்டு கேட்பது குறைந்துவிட்டது. உங்களுக்குக் கற்றுக் கொடுத்த பெரியம்மாக்களுக்கு இப்போது என்ன வயது இருக்கும்? ஸ்டுடியோவுக்குத் தேதி வாங்கும்வரை காத்திருக்காமல், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பாடுவதைக் கைபேசியிலாவது பதிந்துவிடுங்கள். அவர்கள் குரல் ஆல்பத்தில் வந்தால், செட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுத்து, சம்மதம் எழுதி வாங்கி, ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். ஐந்து பேர் என்றால் 12,500 ரூபாய் ஆகும். 75,000 பேசும்போதே இதையும் அதற்குள் வைத்துப் பேசுங்கள்.