ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு ராத்திரியா?

கேள்வி: வீட்டில் எடுத்த வீடியோக்களை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், குறைந்த இடம் பிடிக்கும் எச்.265 வடிவத்துக்கு மாற்றிச் சேர்த்து வைக்கிறேன். ஒரு மணி நேர வீடியோவுக்கு ராத்திரி முழுக்க ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டில் செய்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். தரம் போய்விடாதா?

பதில்: முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். முன்னும் பின்னும் வேண்டாததை வெட்டுவதுதான் வேலை என்றால் என்கோடிங்கே (வீடியோவைப் புதிதாகச் சுருக்கி எழுதுவது) தேவையில்லை. லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் உள்ளதை அப்படியே நகலெடுத்து வெட்டிக் கொடுத்துவிடும், தரம் இம்மியும் குறையாது. வெட்டு மட்டும் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே விழலாம்.

ஃபைல் சிறுக்க வேண்டும் என்றால், ஹேண்ட்பிரேக்கின் 'வீடியோ' பக்கத்தில் உள்ள ப்ரீசெட்டை, அதாவது வேக அமைப்பைப் பாருங்கள். அது 'வெரிஸ்லோ'வில் நின்றால் உங்கள் ராத்திரியைத் தின்பது அதுதான். மீடியத்துக்கோ ஃபாஸ்டுக்கோ கொண்டுவாருங்கள். தரத்தை நிலையாக வைக்கும் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' தேர்ந்தெடுத்து 20, 22 என்று ஏதாவது வைத்திருந்தால் (எண் குறையக் குறையத் தரம் கூடும்), ப்ரீசெட்டை மாற்றுவதால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஃபைலின் அளவுதான் கூடக் குறைய இருக்கும். நொடிக்குச் சராசரியாக இவ்வளவு டேட்டா என்று சொல்லும் 'ஆவரேஜ் பிட்ரேட்' வைத்திருந்தால் கதை வேறு, அளவைக் கட்டிப்போட்டுவிட்டதால் அடி முழுக்கத் தரத்தில்தான் விழும். அப்புறம் இரைச்சல் நீக்கும் என்எல்மீன்ஸ் ஃபில்டர். எந்தக் காலத்திலோ போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள், அது ஒன்றே வேகத்தைப் பாதாளத்துக்கு இழுத்துவிடும், அணைத்துவிடுங்கள்.

இப்போது கிராபிக்ஸ் கார்டு. என்விடியா கார்டில் உள்ள என்விஎன்சி, இன்டெல் சிப்பில் உள்ள குவிக் சிங்க் என்ற என்கோடர்கள் இரண்டுமே பல மடங்கு வேகம், சந்தேகமில்லை. ஆனால் அதே அளவு ஃபைலில் பிராசஸரில் நிதானமாக ஓடும் எக்ஸ்265 என்கோடர் தரும் தரத்தை இவை பொதுவாகத் தருவதில்லை. ஃபைல் பெருத்தாலும் சரி என்று தர எண்ணைக் குறைத்து வைத்தால் நல்ல தரமே கிடைக்கும். (எக்ஸ்265-இல் 22 என்பதும் இவற்றில் 22 என்பதும் ஒன்றல்ல, அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.) யாருக்காவது அனுப்பவோ மொபைலில் பார்க்கவோ என்றால் நான் கிராபிக்ஸ் கார்டையே சொல்வேன். ஒரிஜினலை அழித்துவிட்டு இதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்265, மீடியம்.

எது சரி என்று சோதிக்க முழு வீடியோவையும் மாற்றிப் பார்க்காதீர்கள். குழந்தை ஓடுகிற இடத்தில் ஒரு நிமிடம், வெளிச்சம் குறைந்த அறையில் ஒரு நிமிடம் மட்டும் எடுத்து இரண்டு விதமாகவும் மாற்றி, பெரிய திரையில் நிழல் படிந்த சுவரைப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எண்ணை இன்னும் இரண்டு குறையுங்கள்.