ஹெல்த் இன்சூரன்ஸை ஒரு வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் எடுத்தா என்ன நஷ்டம்?

கைல பணம் இல்ல, இந்த வருஷ ப்ரீமியத்த விட்டுட்டு அடுத்த வருஷம் எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு விடாதீங்க. எங்க வீட்ல விட்டோம், பட்டதால சொல்றேன்.

எங்களுக்கு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. 2019 ஜூன்ல அப்பா பேருக்கு 5 லட்சத்துக்கு பாலிசி எடுத்தேன், மூணு வருஷம் ஒழுங்கா கட்டினோம். 2022 ஜூன்ல 22,000, அதோட 18% ஜிஎஸ்டியும் சேத்து 25,960 கட்டணும்னு மெசேஜ் வந்துச்சு. ஜூன்னா எங்க ஊர்ல மழை, வெட்டு கிடையாது, அடிச்ச ரப்பர் ஷீட்டும் காயாது, தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் வேற, "மழை விடட்டும் மக்ளே, ஷீட்டு வித்துட்டு கட்டிரலாம்"னு அப்பா சொன்னாங்க, நானும் சரின்னு விட்டுட்டேன். கெடு தாண்டியும் கட்ட விடுற கிரேஸ் பீரியட் 30 நாளும் ஓடிப்போச்சு. ஆகஸ்ட்ல அதே கம்பெனில போய் புதுசா எடுத்தோம். பணம் அதேதான், ஆனா பாலிசி முதல் நாள்ல இருந்து.

அடுத்த பிப்ரவரில ஒரு நாள் விடிகாலை தலைல லைட்ட கட்டிட்டு வெட்டப் போன அப்பா, பால் வாளிய பாதி வழில வச்சிட்டு அடிவயித்த கையால அமுக்கிப் பிடிச்சிட்டே வீட்டுக்கு வந்தாங்க. ஹெர்னியா. ஆபரேஷனுக்கு 85,000 ஆச்சு. கிளெய்ம் தர மாட்டோம்னுட்டாங்க, ஏன்னா எங்க பாலிசில ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று இதுக்கெல்லாம் 2 வருஷம் வெயிட்டிங், அதாவது பாலிசி எடுத்து அந்த 2 வருஷம் முடியற வரைக்கும் கிளெய்ம் கிடையாது. பழைய பாலிசி ஓடிட்டு இருந்திருந்தா அந்த 2 வருஷம் 2021லயே முடிஞ்சிருக்கும். அம்மா வளையல் ரெண்டும் அடகுக்குப் போச்சு.

அதோட விடல. அப்பாவுக்கு இருக்கிற சுகருக்கு நாங்க காத்திருந்த 3 வருஷமும் போச்சு, திரும்ப முதல்ல இருந்து. (2024ல ரூல் மாறி, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷத்துக்கு மேல வெயிட்டிங் வைக்கக் கூடாதுன்னு ஆயிருக்கு.) 5 வருஷம் விடாம கட்டினா, மோசடி தவிர, "நீ பாலிசி எடுக்கிறப்ப இத சொல்லல"ன்னு கிளெய்ம மறுக்க முடியாதுன்னு இன்னொரு ரூலும் இருக்கு. எங்களுக்கு அது 2024லயே கிடைச்சிருக்கும், இப்ப 2027 ஆகஸ்ட் வரைக்கும் காக்கணும்.

ஒன்னு கவனிங்க, வருஷத்துக்கு ஒரு தடவ கட்டுறவங்களுக்கு அந்த 30 நாளுக்குள்ள கட்டினா பழைய வருஷக் கணக்கு போகாது, ஆனா கட்டாத அந்த இடைவெளில ஆஸ்பத்திரில படுத்தா கிளெய்ம் கிடைக்காது. மொத்தமா முடியலன்னா மாசத் தவணை கேளுங்க, அதுக்கு கிரேஸ் 15 நாள்தான். கம்பெனி பிடிக்கலன்னாலும் விட வேண்டாம், ரினியூவலுக்கு 45 நாள் முன்னாடியே போர்ட் பண்ண, அதாவது பாலிசிய வேற கம்பெனிக்கு மாத்த எழுதிக் குடுங்க, காத்திருந்த வருஷமும் கூடவே வரும். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர், குடும்ப பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல, அதுவே பெரிய ஆறுதல்.

கல்ஃப்ல இருந்து திரும்பி வர்றவங்க கிட்ட ஒரு வார்த்தை, அங்க கம்பெனி குடுத்த இன்சூரன்ஸ் வருஷம் எதுவும் இங்க கணக்குல வராது, அதனால வேலைல இருக்கும்போதே இங்க ஒன்னு எடுத்துருங்க. குடும்ப வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் எழுதிக் குடுங்க.

இப்ப அம்மா ஒட்டுப்பால் (மரத்துலயும் சிரட்டைலயும் ஒட்டிக் காஞ்ச பால்) வித்த காச தொடறதே இல்ல. வருஷம் முழுக்க தனியா ஒரு டப்பால போட்டு வைப்பாங்க, ஆகஸ்ட்ல அத எண்ணி என் கைல குடுத்துட்டு, கட்டின மெசேஜ் வந்தாச்சான்னு ரெண்டு தடவ கேப்பாங்க.