லெவல் 62, ஆனா ஒரே அடியில சாவு: எல்டன் ரிங் கேள்வி பதில்

போன இதழ்ல எல்டன் ரிங்ங்கிற வீடியோ கேம் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்திருக்கிற கேள்விகளப் பாத்தா பாதிப்பேர் இன்னும் ஆரம்ப இடமான லிம்கிரேவ்லயே குடித்தனம் நடத்துறீங்கன்னு தெரியுது. கேம் வந்தது 2022 பிப்ரவரி, இன்னும் ஆளுங்க சாகுறது நிக்கல. எல்லாத்துக்கும் பக்கம் பத்தாது, அதனால நிறைய பேர் கேட்டதா பாத்து எடுத்திருக்கேன்.

அண்ணா, அஸ்ட்ராலஜர்ங்கிற மந்திரவாதி கிளாஸ்ல ஆரம்பிச்சேன், இப்ப லெவல் 62. விகர் (உயிர்) 15, மைண்ட் (மந்திர சக்தி) 16, என்டூரன்ஸ் (தெம்பு) 16, ஸ்ட்ரெங்த் (பலம்) 25, டெக்ஸ் (கை லாவகம்) 18, இன்ட் (அறிவு) 24, ஃபெய்த் (பக்தி) 18, ஆர்கேன் (மறைசக்தி) 9. கையில மூன்வெயில் கத்தி இருக்கு, கிரேட்ஸ்வோர்டுங்கிற பெரிய வாளும் வச்சிருக்கேன், மின்னல் ஈட்டி மந்திரமும் கத்துக்கிட்டேன். ஆனா ரெடான்ங்கிற பாஸ் (பெரிய எதிரி) தூரத்துல நின்னு ஒரு அம்பு விட்டா காலி. என் ஃபிரண்டு என்னை விட கம்மி லெவல்ல அவனை முடிச்சிட்டான். இன்னும் எத்தனை லெவல் ஏத்தணும்?

தம்பி, ஒரு லெவல் கூட ஏத்த வேணாம். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, இந்த கேம்ல லெவல்ங்கிறது பெரும்பாலும் நீ எத்தனை பாயின்ட் செலவு பண்ணிருக்கன்னு சொல்ற ரசீதுதான், அந்தப் பாயின்ட் எங்க போச்சுங்கிறதுலதான் பலமே இருக்கு. நீ ஆரம்பத்துலேர்ந்து 56 பாயின்ட் போட்டிருக்க, கணக்குப் பாத்தா அதுல 17 ஸ்ட்ரெங்துக்கு, 11 ஃபெய்துக்கு, ஆனா நீ ஆடுறது என்னவோ இன்ட்ல ஓடுற மூன்வெயில். அதுக்கு வேண்டியது ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ் 18, இன்ட் 23, அவ்ளோதான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டலைன்னு சொல்வாங்களே, அந்தக் கதைதான்.

அந்த கிரேட்ஸ்வோர்டை பத்தி சொல்லியே ஆகணும். அதுக்கு ஸ்ட்ரெங்த் 31 வேணும்னு எழுதிருக்கும், நீ அதை நோக்கித்தான் 25 வரைக்கும் வந்து மூச்சு வாங்கிட்டு நிக்கிறன்னு நினைக்கிறேன். ரெண்டு கையால புடிச்சா உன் ஸ்ட்ரெங்தை ஒண்ணரை மடங்கா கேம் எடுத்துக்கும், அதனால 21 இருந்தாலே அதைத் தூக்கிச் சுத்தலாம். ஸ்க்ரீன்ல செவப்பா எக்ஸ் குறி காட்டுதுன்னு பாயின்டைக் கொட்டினவங்க நிறைய பேர், நானும் முதல் தடவை அதையேதான் பண்ணேன். அதோட அந்த வாளோட வெயிட் மட்டும் 23, நீ யூஸ் பண்ணாம சும்மா மாட்டி வச்சிருந்தாலும் அது கணக்குல சேரும், மொத்த வெயிட் நீ சுமக்கக்கூடியதுல 70 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னா ரோல் பண்ணும்போது (அடியிலேர்ந்து உருண்டு தப்பிக்கும்போது) அரிசி மூட்டை உருண்ட மாதிரிதான் இருக்கும், அம்பு வர்ற நேரத்துல அது போதும் சாகுறதுக்கு. கழட்டி வை.

இப்ப விகர். 15ல உன் உயிர் 522. 30ல 994. கிட்டத்தட்ட ரெட்டிப்பு. 40ல 1450, 60ல 1900, அதுக்கு மேல 99 வரைக்கும் 39 பாயின்ட் போட்டாலும் கூடுறது 200தான், அதனால 60க்கு மேல யாரும் போறதில்ல. "நான் அடியே வாங்க மாட்டேன், எனக்கு எதுக்கு விகர்"னு யூடியூப் வீடியோ பாத்துட்டு பேசுற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்க அந்த பாஸை அம்பது தடவை ஆடி மனப்பாடம் பண்ணவங்க, நீயும் நானும் அப்படி இல்ல.

செய்ய வேண்டியது இதுதான். ராயா லுகாரியா அகாடமில ரென்னலாங்கிற பாஸைத் தோற்கடிச்சிட்டா அவகிட்டயே போய் பாயின்டையெல்லாம் திருப்பி வாங்கி மறுபடி போடலாம், ஒவ்வொரு தடவைக்கும் லார்வல் டியர்ங்கிற கண்ணீர்த்துளி ஒண்ணு வேணும். சியோஃப்ரா ஆத்துப் பக்கம் உக்காந்திருக்கிற வியாபாரிகிட்ட 3000 ரூனுக்கு (ரூன்தான் இந்த கேம்ல காசு, லெவல் ஏத்தவும் அதுதான்) ஒண்ணு கிடைக்கும். அஸ்ட்ராலஜரோட ஆரம்ப எண்ணுக்குக் கீழ எதையும் இறக்க முடியாது, அதை வச்சு நான் போட்ட கணக்கு: விகர் 30, மைண்ட் 15, என்டூரன்ஸ் 10, ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ் 18, இன்ட் 40, ஃபெய்த் 7, ஆர்கேன் 9. கூட்டிப் பாரு, அதே லெவல் 62தான். மின்னல் ஈட்டி போயிடும், போகட்டும். ரெடான்கிட்ட அதை எத்தனை தடவை எறிஞ்ச, உண்மையைச் சொல்லு.

அதுக்கப்புறம் வர்ற லெவலையெல்லாம் விகர் 40 ஆகுற வரைக்கும் அங்கயே போடு. ஏன் அவசரப்படுத்துறேன்னா முதல் லெவலுக்கு விலை 673 ரூன்தான், 62லேர்ந்து 63 போகவே சுமார் 23 ஆயிரம், அதனால சீப்பா இருக்கும்போது ஃபெய்துல போட்ட 11 பாயின்டை இப்ப திருப்பி சம்பாதிக்கணும்னா ரெண்டரை லட்சம் ரூனுக்கு மேல ஆகும். அதை விட 3000 ரூன் கண்ணீர்த்துளி எவ்வளவோ மேல்.

வேகபாண்டா (கத்தி கேடயத்தோட வர்ற வீரன் கிளாஸ்) ஆடுறேன், லெவல் 48, விகர் 35 இருக்கு, நீங்க போன தடவை சொன்ன மாதிரிதான். ஆனா ஒரு சாதாரண சிப்பாயை அடிச்சு சாய்க்கவே ஆறு வெட்டு ஆகுது. ஸ்ட்ரெங்த் 30க்கு மேல போட்டும் பிரயோஜனம் இல்ல. கத்தி +3ல இருக்கு, அதுக்கு மேல ஏத்த ஆப்ஷனே காட்ட மாட்டேங்குது. பக் ஆ?

பக் இல்லம்மா, நீ இன்னும் எல்லே சர்ச்ல இருக்கிற அந்தப் பட்டறை மேடையிலேயே கத்தி தீட்டிட்டு இருக்க, அது +3க்கு மேல போகாது. எல்லாரும் கூடுற ரவுண்ட்டேபிள் ஹோல்டுல ஹ்யூனு ஒரு கொல்லர் கூனிக்கிட்டு தட்டிட்டே இருப்பாரு, பாக்க பயமா இருக்குன்னு கண்டுக்காம போயிருப்ப. அவர்தான் உனக்கு சாமி. ஆயுதத்தை ஏத்த ஸ்மிதிங் ஸ்டோன்ங்கிற கல்லு வேணும். சாதாரண ஆயுதம் +25 வரைக்கும் போகும், மூன்வெயில் மாதிரி ஸ்பெஷல் ஆயுதம் சோம்பர்ங்கிற தனி வகைக் கல் தின்னும், அது +10ல நிக்கும். சாதாரண கல்லுல ஒவ்வொரு தரத்துக்கும் மூணு படி, 2, 4, 6னு மொத்தம் 12 கல்லு. இந்தக் கல்லுக்கு அலையிறதுதான் நிறைய பேருக்கு வெறுத்துப் போகுது, ஆனா ராயா லுகாரியா கிறிஸ்டல் டன்னல்ல இருக்கிற பாஸை முடிச்சா ஒரு மணி கிடைக்கும், அதை ரவுண்ட்டேபிள்ல இருக்கிற ரெட்டைப் பொம்மைங்ககிட்ட குடுத்தா ஒண்ணாம் ரெண்டாம் தரக் கல்லு கடையிலேயே வாங்கிக்கலாம், அதுக்கப்புறம் சுரங்கம் சுரங்கமா பொறுக்க வேண்டியதில்ல. ஆரம்பத்துல அஞ்சு லெவல் ஏத்துறதை விட கத்தியை மூணு படி ஏத்துறதுலதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

முதல் தடவை ஆடப் போறேன் ப்ரோ. எந்த கிளாஸ் பெஸ்ட்?

வேகபாண்ட் இல்லைன்னா சாமுராய். கிளாஸ்ங்கிறது ஆரம்ப எண்ணும் ஆரம்ப சாமானும்தான், அப்புறம் யாரு வேணா என்ன வேணா ஆகலாம். ரெட்ச் மட்டும் எடுத்துடாதீங்க, லெவல் 1, கோவணத்தோட ஒரு தடியைக் குடுத்து வெளிய விடுவாங்க.

மோக்வின் அரண்மனைல பறவையை அம்பால அடிச்சு பள்ளத்துல விழ வச்சு ரூன் சேக்குறேன், மூணு நாள்ல 70லேர்ந்து 100 வந்துட்டேன். இது ஏமாத்து வேலையா? இப்போ ஆடவே போர் அடிக்குது.

ஏமாத்தெல்லாம் இல்ல, உங்க காசு உங்க கேம். ஒரு பறவைக்கு சுமார் 11 ஆயிரம் ரூன், லெவல் 100லேர்ந்து அடுத்ததுக்கு 61 ஆயிரத்துச் சொச்சம், அப்போ லெவலுக்கு ஆறு பறவை, நல்ல கூலிதான். ஆனா போர் அடிக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. ஊரைச் சுத்தினா ரூனும் வரும், கோல்டன் சீடும் சேக்ரட் டியரும் கிடைக்கும், உயிரையும் மந்திர சக்தியையும் நிரப்புற குடுவை 14 வரைக்கும் கூடும், அதோட பலம் +12 வரைக்கும் ஏறும், ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு. பறவை அடிச்சா குடுவை நிறையாது. லெவல் 100ல நாலே நாலு குடுவையோட சுத்துறவங்களை நான் பாத்திருக்கேன், நீங்களும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

லெவல் 180, ரெடான், மோக்ங்கிற ரெண்டு பாஸையும் முடிச்சு டிஎல்சிக்குள்ள (தனியா வாங்குற கூடுதல் பகுதி) போனேன். முதல் தெருவுலயே ஒருத்தன் ரெண்டு அடியில கொன்னுட்டான். அவமானமா இருக்கு.

2024 ஜூன்ல அது வந்த அன்னைக்கு உலகம் பூரா இதே ஒப்பாரிதான், என்னையும் சேத்து. அங்க உங்க 180க்குப் பெருசா மரியாதை இல்ல, ஸ்கேடுட்ரீ துண்டுன்னு தனி கணக்கு. அதைச் சேத்து கிரேஸ்ல (இளைப்பாறுற இடம்) உக்காந்து ஆசி ஏத்தினா நீங்க அடிக்கிறது கூடும், வாங்குறது குறையும், அந்த ஊருக்குள்ள மட்டும். மொத்தம் 50 துண்டு, 20 லெவல். சிலுவை நட்டிருக்கிற இடம், தலையில பானை வச்சுக்கிட்டு நிக்கிற நிழல் உருவம், இது ரெண்டையும் எங்க பாத்தாலும் விடாதீங்க. அஞ்சாறு ஆசி ஏறுற வரைக்கும் பெரிய பாஸ் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க.

சார், என் பையன் பன்னெண்டாவது முடிச்சிட்டு இந்த கேம்தான் ஆடுறான். சாப்பிடக் கூப்பிட்டா "அம்மா இதை நிறுத்த முடியாது, நிறுத்தினா செத்துடுவேன்"ங்கிறான். பொய்தானே?

பாதி நிஜம் அம்மா. இதுல ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற பட்டன்னு தனியா கிடையாது, மேப்பைத் திறந்தாலும் எதிரி அடிச்சுக்கிட்டேதான் இருப்பான். ஆனா மெனுவுக்குள்ள ஹெல்ப்னு ஒண்ணு இருக்கு, அதுல மெனு எக்ஸ்ப்ளனேஷனைத் திறந்து வச்சா தனியா ஆடும்போது எல்லாம் அப்படியே நின்னுடும். இல்லைன்னா க்விட் குடுத்து வெளிய வந்தாலும் நின்ன இடத்துலேர்ந்தே மறுபடி ஆடலாம், சேவ் தானா ஆகிடும். பெரிய பாஸ் சண்டையில க்விட் குடுத்தா மட்டும் அந்த பாஸ் திரும்ப முழு உயிரோட நிப்பான், பையன் பயப்படுறது அதுக்குத்தான். இதைப் படிச்சுக் காட்டிட்டு தோசையை ஊத்துங்க.