கண்டோன் வேறு, கண்டனம் வேறு

கேள்வி: 'கண்டோன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? அலுவலகக் கடிதத்தில் "கைண்ட்லி கண்டோன் த டிலே" என்று எழுதலாமா?

இந்தச் சொல்லால் நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டால் பொருள் உங்களுக்குத் தானாக நிற்கும்.

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. எங்கள் கல்லூரிப் பையன் ஒருவனை டவுன் பஸ்ஸில் யாரோ அடித்துவிட்டார்கள். ஏதோ சில்லறைத் தகராறு. மாணவர்கள் சார்பில் முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், அது இங்கிலீஷில் இருந்தால்தான் கெத்து என்று முடிவானது. இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவன் என்று எனக்கு ஒரு பொய்யான பெயர் இருந்ததால் பேனா என் கைக்கு வந்தது. "வன்மையாகக் கண்டிக்கிறோம்", இதுதான் எழுத வேண்டிய வாக்கியம். மண்டைக்குள் கண்டிக்கிறோம், கண்டனம், கண்டன ஆர்ப்பாட்டம் என்று சுவரொட்டியாக ஓடுகிறது. அதே ஓசையில் ஓர் இங்கிலீஷ் சொல்லும் எங்கோ பார்த்த ஞாபகம். எழுதினேன்: "வீ ஸ்ட்ராங்லி கண்டோன் த அட்டாக்." நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல்வர் இங்கிலீஷ் துறைக்காரர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏம்ப்பா, அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க, நாங்க பெரிசா எடுத்துக்கலைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் நான் யார்மேல நடவடிக்கை எடுக்கிறது?" என்றார். அதிலும் 'ஸ்ட்ராங்லி' வேறு. அடித்ததை மிக உறுதியாகக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தோம்.

நான் எழுத நினைத்த சொல் 'கண்டெம்'. அதுதான் கண்டிப்பது. 'கண்டோன்' அதற்கு நேர் எதிர்ப் பக்கம். தமிழ்க் காதுக்கு இரண்டுமே கண்டனமாகத்தான் விழும், அதுதான் ஆபத்து. அன்றைக்கு நானே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். தமிழில் கண்டோன் என்றால் பார்த்தவன். இங்கிலீஷ் கண்டோன், கண்டும் காணாமல் விடுவது. இதற்கு மேல் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

கண்டும் காணாமல் என்பதில் 'கண்டும்' ரொம்ப முக்கியம். தெரியாமல் விட்டால் அது கண்டோன் ஆகாது. ஒரு தப்பு நடந்திருக்க வேண்டும். அது தப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்கிற உரிமையோ அதிகாரமோ என் கையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தும் நான் கேட்காமல் விட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சொல்லை அங்கே போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுச் சுவருக்குப் பச்சை அடித்தால் நான் கண்டோன் பண்ண அதில் ஒன்றுமில்லை. என் சுவருக்கும் சேர்த்து அடித்துவிட்டு, நான் சரி போகட்டும் என்று விட்டால், அது.

மூன்றாம் ஆண்டில் அதே சொல் வேறு வேஷத்தில் வந்தது. அறிவிப்புப் பலகையில் 'கண்டொனேஷன் லிஸ்ட்', அதில் என் பெயர். எங்கள் கல்லூரி விதிப்படி எழுபத்தைந்து சதவீதம் வருகை இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். அதற்குக் கொஞ்சம் கீழே இருப்பவர்கள் மருத்துவச் சான்றும் ஒரு தொகையும் கட்டினால் குறைவை மன்னித்து ஹால் டிக்கெட் தருவார்கள். எனக்கு அறுபத்தெட்டு. (மஞ்சள் காமாலை என்று சான்று வாங்கினேன். உண்மையில் வந்தது கிரிக்கெட்.) அப்பாவிடம் போய், "கண்டொனேஷன் ஃபீஸ் கட்டணும்" என்றேன். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கல்லாவிலிருந்து நிமிர்ந்து, "ஏல, டொனேஷன் சேரும்போதே வாங்கிட்டானுவளே, இப்ப எதுக்கு மறுபடியும்?" என்றார்.

அன்று சிரித்தேன். பல வருஷம் கழித்துச் சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தபோது அப்பா சொன்னது பெரிய தப்பில்லை என்று தெரிந்தது. லத்தீனில் 'தோனாரே' என்றால் பரிசாகக் கொடுப்பது. டொனேஷன், டோனர் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். முன்னால் 'கொன்' சேர்த்தால் 'கொந்தோனாரே': முழுசாகக் கொடுத்துவிடுவது, கடனைத் தள்ளிவிடுவது, குற்றத்தைப் பொறுப்பது. மன்னிப்பைக் குறிக்கும் 'பார்டன்' என்ற சொல்லும் 'பெர்தோனாரே' வழியாக அதே குடும்பம்தான்.

கடனைத் தள்ளுவது என்ற பொருளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கடையின் பற்று நோட்டு ஞாபகம் வந்தது. கொடுக்கவே முடியாத ஆள் என்று தெரிந்தால் அப்பா அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். கிழித்துப் போட மாட்டார். கோட்டுக்கு அடியில் அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று அப்படியே தெரியும். கடன் கடன்தான், வாங்கியது வாங்கியதுதான், ஆனால் இனிமேல் கேட்கப் போவதில்லை. கண்டோன் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. 'எக்ஸ்க்யூஸ்' என்றால் உன்மேல் பெரிய குற்றம் இல்லை, உன் சூழ்நிலை அப்படி என்று இறங்கி வருவது. 'ஃபர்கிவ்' மனசுக்குள் இருக்கும் கோபத்தை விடுவது. 'அப்ரூவ்' என்றால் நீ செய்தது சரி என்றே முத்திரை குத்துவது. கண்டோன் இந்த மூன்றும் இல்லை. பக்கத்தில் கோடு.

சரி, இந்தச் சொல்லின் சொந்த ஊர் கோர்ட்டு. பி.எஸ்ஸி.க்குப் பிறகு சட்டம் படித்து ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அங்கே தினமும் காதில் விழுந்த சொல் இதுதான். "கண்டோன் டிலே பெட்டிஷன் போட்டாச்சா?" என்று குமாஸ்தா கேட்பார். காலையில் டீ குடித்தாச்சா என்று கேட்கிற மாதிரி.

என்ன விஷயம் என்றால், சிவில் வழக்கில் வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் கோர்ட்டு எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்புக் கொடுத்துவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. நம் ஆட்கள் 30 நாளில் எங்கே வருகிறார்கள்? தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட்டு ஊழியரான அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் வருவார்கள். அப்போது இரண்டு மனு வேண்டும். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி ஒன்று. அந்த மனுவை இத்தனை நாள் தாமதமாகப் போடுகிறோம், தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் கண்டோன் டிலே. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவில் வருகிறது. மேல்முறையீடுகளுக்கும் பெரும்பாலான மனுக்களுக்கும்தான் அந்தச் சலுகை. தாவாவையே, அதாவது மூல வழக்கையே, கெடு தாண்டிப் போட்டுவிட்டு 5-வது பிரிவைக் காட்ட முடியாது.

நான் எழுதிய முதல் கண்டோன் டிலே மனு ஒரு விவசாயிக்கு. 412 நாள் தாமதம். கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். கல்லூரி அனுபவத்தால் பொருளில் நான் உஷார், ஆனால் இலக்கணத்தில் வழுக்கினேன். "மனுதாரரைக் கண்டோன் செய்யுமாறு" என்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதிவிட்டேன். சீனியர் சிவப்பு மையில் சுழித்து, "தம்பி, ஆளை ஃபர்கிவ் பண்ணலாம், கண்டோன் பண்ண முடியாது. தப்பைத்தான் கண்டோன் பண்ண முடியும். டிலேன்னு போடு" என்றார். இது எந்த இலக்கணப் புத்தகத்திலிருந்தும் எனக்குக் கிடைக்காத பாடம். கண்டோனுக்குப் பின்னால் வருவது எப்போதும் செயல்: தாமதம், குறைவு, வன்முறை, நடத்தை. 'ப்ளீஸ் கண்டோன் மீ' என்று எழுதினால் என்னையே ஒரு தப்பாக ஒப்புக்கொள்கிற மாதிரி. சில நாள் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கோர்ட்டு எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் சொல்லின் உள்ளுணர்வு இன்னும் பிடிபடும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்று பழைய கெடுபிடி ஒன்று உண்டு. 1987-ல் உச்ச நீதிமன்றம் காத்திஜி வழக்கில் (அனந்தநாக் நில எடுப்புக் கலெக்டர் போட்டது, தாமதம் வெறும் நாலு நாள்) அதைக் கொஞ்சம் கிண்டலே செய்தது: ஒவ்வொரு நாளுக்கும் என்றால் ஏன் ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு நொடிக்கும் கேட்கக் கூடாது? நியாயமான காரணம் இருந்தால் தாராளமாகப் பாருங்கள் என்றது. ஆனால் காரணம் வேண்டும். சும்மா கோடு இழுக்க மாட்டார்கள்.

எங்கள் விவசாயிக்கும் கோர்ட்டு தாமதத்தை மன்னித்தது, எதிர்த்தரப்புக்கு ஒரு தொகை செலவுத்தொகையாகக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வெளியே வந்ததும், "ஜெயிச்சாச்சா வக்கீலய்யா?" என்றார். இல்லை, இனிமேல்தான் ஆரம்பமே என்று புரியவைக்க வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் ஆயிற்று. தாமதம் மன்னிக்கப்பட்டது அவ்வளவுதான், நிலம் யாருக்கு என்பதில் கோர்ட்டு இன்னும் வாயே திறக்கவில்லை.

இதைவிடச் சுவாரசியமான இடம் கல்யாணச் சட்டம். இங்கிலாந்தில் 1857-ல் விவாகரத்தை மதக் கோர்ட்டுகளிலிருந்து சிவில் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த சட்டம் ஒரு தடையை எழுதி வைத்தது. துணையின் முறைகேட்டைத் தெரிந்தே பொறுத்தவர், பிறகு அதையே காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது. அதே கருத்து நம்மூருக்கும் வந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும், 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவிலும் பார்க்கலாம். 1975-ல் தாஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. குற்றத்தை மன்னிப்பது மட்டும் போதாது, குற்றம் செய்த துணையை முன்பிருந்த இடத்திலேயே திரும்ப வைக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கண்டொனேஷன். அந்த வழக்கில் மனைவி கொடுமை செய்தார் என்று கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகும் கணவர் அவரோடு குடும்பம் நடத்தியதால் கணவர் கேட்ட ஜுடிஷியல் செபரேஷன், அதாவது கல்யாணம் முறியாமல் கோர்ட்டு வழியாகப் பிரிந்து வாழ்வது, அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்கள்: இந்த மன்னிப்பு நிபந்தனையோடு வருவது. மறுபடி தப்புச் செய்தால் பழைய கணக்கும் உயிர் பெறும். அதாவது, பற்று நோட்டுப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருப்பது சும்மா இல்லை.

இனி அன்றாட இங்கிலீஷ். செய்தியில், பேச்சில் இந்தச் சொல் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். "ஐ டோன்ட் கண்டோன் வயலன்ஸ்", "வீ டூ நாட் கண்டோன் சச் பிஹேவியர்". அங்கே பொருள் லேசாக நகர்கிறது. 'மன்னிக்க மாட்டேன்' என்பதைவிட 'இதை ஏற்க மாட்டேன், இதற்கு நான் துணைபோக மாட்டேன்' என்ற தொனி. ஆள் ஒருவர் "ஐ டோன்ட் கண்டோன் இட்" என்று ஆரம்பித்தால் நான் அடுத்த சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொள்வேன். பெரும்பாலும் அது 'பட்'. கண்டோன் பண்ணவில்லை, ஆனால்... என்று ஆரம்பித்து மெதுவாகக் கண்டோன் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள்.

உச்சரிப்பில் ஒரு வார்த்தை. வினையில் அழுத்தம் 'டோன்' மேல். பெயர்ச்சொல் ஆகும்போது அழுத்தம் 'நே' மேல் போகும், நடுவில் இருக்கும் ஓசை சுருங்கிவிடும். அப்புறம், கண்டோலன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது துக்கம் விசாரிப்பது, வேர் வேறு. துக்க வீட்டுக்கு அனுப்புகிற செய்தியில் மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை சரிபாருங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: "கைண்ட்லி கண்டோன் த டிலே" இலக்கணப்படி சரி. பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, வரி அலுவலகத்துக்கு, டெண்டர் கெடு தாண்டிய அரசுத் துறைக்கு என்று, விதிப்படி மறுக்கிற அதிகாரம் உள்ள இடத்துக்கு எழுதும்போது அதுதான் பொருத்தமான சொல். கூடவே எத்தனை நாள், என்ன காரணம் என்று எழுதுங்கள். பக்கத்து டேபிள் ஆளின் மெயிலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் போடும்போது அதே வாக்கியத்தைப் போட்டால், அவர் அஃபிடவிட் எங்கே என்று கேட்பார். அங்கே "ஸாரி ஃபார் த டிலே" போதும்.