கடல் விடியலில், சாப்பாடு உள்வீதியில்

கேள்வி: பங்குனியில் அப்பாவுக்கு எழுபது வயது முடிகிறது. குடும்பத்தோடு இரண்டு நாள் புதுச்சேரி போகிறோம். பெங்களூரிலிருந்து வரும் தம்பியும் அவன் மனைவியும், ஞாயிற்றுக்கிழமை ஒயிட் டவுன் என்கிற பிரெஞ்சுப் பகுதியில் கடலைப் பார்த்தபடி ப்ரன்ச் சாப்பிடலாம் என்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, காலை எட்டு மணிக்குள் மாத்திரை போட்டுச் சாப்பிட்டாக வேண்டும். முழங்கால் வலியும் உண்டு. அம்மா வெங்காயம், பூண்டு சாப்பிடுவார், முட்டை கலந்த எதையும் தொடமாட்டார். "அந்த மாதிரி கடையில நாங்க வந்து என்ன பண்ணப் போறோம், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எங்கே போவது என்று சொல்லுங்களேன்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்பாவின் எழுபதுக்குத்தானே இந்தப் பயணமே!

எந்தக் கடை என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் எத்தனை மணிக்கு, எந்த நிழலில் என்று முடிவு செய்யுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புதுச்சேரியில் குடியிருந்த காலத்தில், ஊரிலிருந்து வந்த என் அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஒரு பிரபலமான கஃபேவுக்குக் கூட்டிப்போனேன். முன்பதிவு செய்யவில்லை. "பத்து நிமிஷம்" என்றார்கள். முக்கால் மணி நேரம் வாசலிலேயே நின்றோம். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. நெற்றி வியர்த்து, கை லேசாக நடுங்குவதைப் பார்த்த பிறகுதான், காலை மாத்திரை போட்டவர் இன்னும் எதுவும் சாப்பிடவில்லை என்பது எனக்கு உறைத்தது. எதிரே இளநீர் வண்டி நின்றது, பக்கத்துப் பெட்டிக்கடையில் சர்க்கரை கிடைத்தது, தப்பித்தோம். அதற்குப் பிறகு வயதானவர்களோடு வெளியே சாப்பிடப் போனால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

காலைச் சிற்றுண்டியையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்குகிற ப்ரன்ச் என்ற சொல்லை 1895-இல் இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்பவர் ஒரு கட்டுரையில் எழுதினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்துவிட்டு ஞாயிறு காலை தாமதமாக எழுகிறவர்களுக்காக அவர் பரிந்து பேசிய சாப்பாடு அது. நாலரை மணிக்கே எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு அது பொருந்துமா? கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எனவே அப்பா வழக்கமான நேரத்தில் மாத்திரை போட்டு, வழக்கம்போல இரண்டு இட்லி சாப்பிட்டுவிடட்டும். பத்தரை மணிக்கு உங்களுக்கு ப்ரன்ச். அவருக்கு அது ஒரு சின்னச் சிற்றுண்டி. மேசை ஒன்றுதான், தட்டில் இருக்கும் அளவு மட்டும் வேறு. மதியச் சாப்பாட்டை எப்படி மாற்றிக்கொள்வது என்று கிளம்புவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி கடலுக்கு வருவோம். "கடலைப் பார்த்தபடி" என்பது தம்பியின் ஆசை. நியாயமான ஆசைதான், ஆனால் பதினொரு மணிக்கு அது நடக்காது. புதுச்சேரிக் கடற்கரை கிழக்குப் பார்த்தது. பங்குனியில் பத்து மணிக்குமேல் பீச் ரோட்டில் நிழல் கிடையாது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குத்தும். அந்தச் சாலையின் அழகெல்லாம் விடியலில்தான். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். ஆகவே ஐந்தே முக்காலுக்குக் கிளம்புங்கள். குறுக்கு வீதி முனைவரை ஆட்டோ வரும், அப்பா அங்கிருந்து நான்கு எட்டு நடந்தால் போதும். காந்தி சிலைக்குப் பக்கத்திலேயே உட்கார இடம் இருக்கிறது. சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அவற்றைக் கொஞ்ச நேரம் அருகில் போய்ப் பாருங்கள். கீழிருந்து மேல்வரை நுணுக்கமான வேலைப்பாடு. சூரியன் கடலிலிருந்து எழும்போது கிழக்குப் பக்கச் செதுக்கல் மட்டும் பொன்னிறமாகி, மறுபக்கம் இன்னும் இருட்டாகவே இருக்கும். கோயில் தூண்களைத் தடவிப் பார்த்தே வளர்ந்த கும்பகோணத்துக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

அங்கேயே கடலையொட்டி 'லே கஃபே' இருக்கிறது. ஒரு காலத்தில் துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடம். 1866-இல் கட்டிய இரும்புப் பாலம் இந்தக் கரையிலிருந்துதான் கடலுக்குள் நீண்டிருந்தது; 1952 புயலில் போய்விட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை போடாத காபி, மற்றவர்களுக்கு அவரவர் விருப்பம். தம்பி கேட்ட கடலும் மேசையும் காலை ஆறரைக்கே கிடைத்துவிடும். அலை பாறையில் மோதும் சத்தத்தில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். குழந்தைகள் வந்தால் மணல் எங்கே என்று கேட்பார்கள். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகம் கட்டிய பிறகு இங்கே மணல் அரித்துப்போய்ப் பல ஆண்டுகள் வெறும் பாறைதான் இருந்தது. பிறகு கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்டதில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. கால் நனைக்கலாம், அதற்குமேல் இறங்க விடாதீர்கள்.

ஏழு, ஏழரைக்கு அப்பாவின் இட்லி. மிஷன் வீதியில் 'சற்குரு' இருக்கிறது, முழுச் சைவம். தங்கும் இடத்திலேயே காலைச் சிற்றுண்டி தருகிறார்கள் என்றால் அலைச்சலே வேண்டாம். அதன்பின் அம்மாவுக்கு மணக்குள விநாயகர். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோயில். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த பத்தாண்டுகளில் பாடிய பிள்ளையார். ஒயிட் டவுனுக்குள்ளேதான் இருக்கிறது. 'அந்த மாதிரி இடம்' என்று அம்மா தயங்கும் பகுதிக்கு நடுவில் அவருக்குத் தெரிந்த ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

பத்து மணிக்கு உள்வீதிகளுக்குள் வாருங்கள். பிரெஞ்சுப் பகுதி வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பவை: உயரமான சுவர், ஒரு பெரிய கதவு, உள்ளே போனால் முற்றமும் மரமும். வெளியே கல் சுடும்போது முற்றம் குளிர்ந்திருக்கும். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் சரியான இடம்.

நான் முதலில் சொல்வது சுஃப்ரேன் வீதியில் உள்ள 'கஃபே தெஸ் ஆர்'. பழைய வீடு, முற்றத்திலும் தாழ்வாரத்திலும் நாற்காலிகள், அதட்டாத சூழல். கிரேப் என்கிற மெல்லிய பிரெஞ்சு தோசை, சாலட், சான்ட்விச் மாதிரி லேசான உணவு. தம்பி மனைவிக்குக் கொஞ்சம் பகட்டான இடம் வேண்டுமென்றால் ரோமன் ரோலண்ட் வீதியில் 'கோரமண்டல் கஃபே'. அழகான பெரிய வீடு, கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். புஸ்ஸி வீதியில் 'பேக்கர் ஸ்ட்ரீட்' என்ற ரொட்டிக்கடை, பிரெஞ்சு ரொட்டி வகைகளுக்கு என் முதல் தேர்வு. அங்கே நெடுநேரம் உட்கார்ந்து பேச முடியாது, வாங்கிக்கொண்டு போக ஏற்றது. எதுவானாலும் சனிக்கிழமையே போன் செய்யுங்கள். ஞாயிறு எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், ஆறு பேருக்கு மேசை ஒதுக்குவார்களா, வாசலில் எத்தனை படி, மாடி ஏறாமல் இடம் உண்டா, கழிப்பறை கீழேயே இருக்கிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். முழங்கால் வலிக்காரருக்கு மெனுவைவிட அது முக்கியம்.

அம்மாவின் முட்டைக்கு வருகிறேன். "சைவம்" என்று மட்டும் சொன்னால் பிரெஞ்சு அடுப்படியில் போதாது. அவர்கள் கணக்கில் முட்டை பல நேரம் சைவத்தோடு சேர்ந்துவிடும். கீஷ் என்பது முட்டையும் பாலாடையும் ஊற்றிச் சுடுவது. பிரியோஷ் ரொட்டியின் மாவிலேயே முட்டை உண்டு. கிரேப் மாவிலும் பெரும்பாலும் உண்டு. க்ரோசான் மாவில் இல்லாவிட்டாலும், மேலே அந்தப் பளபளப்பு வருவதற்கு முட்டையைத் தடவியிருப்பார்கள். பகெத் என்கிற நீளரொட்டி மட்டும் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கோடு முடிந்துவிடும். நல்ல பகெத்தைக் காதருகே வைத்து அழுத்தினால் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் கேட்கும். உள்ளே பஞ்சு மாதிரி, சின்னதும் பெரிதுமாகத் துளைகள். அதோடு வெண்ணெய், அல்லது கத்தரிக்காயும் தக்காளியும் குடைமிளகாயும் மெதுவாக வெந்த ரத்தத்தூய். கத்தரிக்காய்க் கொத்சு செய்கிற வீட்டில் அதை யாரும் அந்நியமாக நினைக்கப் போவதில்லை. ஆனாலும், தட்டு வருவதற்கு முன் "இதில் முட்டை, மேலே தடவியதுகூட, இல்லையே?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை உடனே எடுத்தேன். உங்கள் வீட்டில் கோடையில் தாளிப்பு வடகம் போடுவார்கள்தானே? வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் கலந்து, கை ஒட்டாமல் விளக்கெண்ணெய் தடவி உருட்டி, பகலெல்லாம் வெயிலில் காயவைத்து, மறுநாள் உடைத்துப் பிசைந்து மறுபடி உருட்டி... மாடி முழுக்க அந்த வாசம் இருக்கும். அந்த வடகம்தான் புதுச்சேரி வழியாகப் பிரான்ஸ் போய் 'வதுவான்' ஆனது. மீனுக்கும் சிப்பிக்கும் வெண்ணெய்க் குழம்புக்கும் அங்குள்ள சமையற்காரர்கள் அதைப் போடுகிறார்கள். பிரெஞ்சு மெனுவில் 'வதுவான்' என்று பார்த்தால், அது உங்கள் அம்மாவின் அஞ்சறைப்பெட்டிச் சாமான். அந்த மேசையில் அவர் விருந்தாளி மட்டுமில்லை. எந்தத் தாளிப்பு சரி, எது தீய்ந்தது என்று சொல்லக்கூடியவர் அங்கே அவர் ஒருவர்தான் இருப்பார்.

இவ்வளவு சொல்லியும் அம்மா தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்ப் பகுதி. அங்குள்ள வீடுகள் தெருவைப் பார்த்துத் திண்ணை போட்டு உட்கார்ந்திருக்கும். பெருமாள் கோயில் வீதியில் 'மேசோன் பெருமாள்' என்ற பழைய தமிழ் வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். தூண் வைத்த முற்றம், தமிழும் பிரெஞ்சும் கலந்த புதுச்சேரிச் சமையல். விடுதியில் தங்காதவர்களுக்குச் சாப்பாடு உண்டா, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ப்ரன்ச்சாக இல்லாமல் நேரான மதியச் சாப்பாடாகவே வைத்துக்கொண்டாலும் யாருக்கும் குறையில்லை, அப்பாவின் மாத்திரைக்கும் அது ஒத்துவரும். பட்ஜெட் கையைக் கடித்தால் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். நான் கல்லூரிப் பெண்ணாக இருந்தபோது மாதக் கடைசியில் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அந்தக் காபி மீது எனக்கு இன்றும் பாசம் உண்டு.

தம்பி அசைவம் என்றால், ஊரில் 'நெம்' கிடைக்கிற இடத்தை விசாரிக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்குப் படையிலும் அலுவலகத்திலும் வேலைக்குப் போன புதுச்சேரிக் குடும்பங்கள் கொண்டுவந்த வியட்நாம் உருளை அது, அரிசித்தாளில் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்தது.

கேக் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது வாங்குவார்கள். முட்டை இல்லாத கேக்கைச் சனிக்கிழமையே சொல்லிவையுங்கள். அப்பாவுக்கு ஒரு விரலளவுத் துண்டு போதும், சாப்பாட்டோடு சேர்த்து. ஒயிட் டவுன் வீதிகளில் ஞாயிறன்று கார் நிறுத்த இடம் தேடியே அரை மணி போய்விடும். காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். உங்கள் கைப்பையில் தண்ணீர், நாலு குளுக்கோஸ் பிஸ்கட், கொஞ்சம் சர்க்கரை, அப்பாவின் மாத்திரைச் சீட்டு. மேசை கிடைத்ததும் நிழல் விழும் பக்கத்து நாற்காலியில் முதலில் அவரை உட்கார வையுங்கள்.