ஆட்கள் பருத்தும் முந்தானை வெட்டுப்பட்டும் வருகிறதா?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைக்கு வேர்ட்பிரஸ்ஸில் இணையதளம் வைத்திருக்கிறோம். முகப்பு பேனருக்கு 1200 × 400 பிக்சல், சேலைப் படங்களுக்கு 800 × 800 பிக்சல் வேண்டும் என்று தளத்தை அமைத்தவர் சொல்லியிருக்கிறார். மொபைலில் எடுத்த படங்களை அந்த அளவுக்கு மாற்றினால், பேனரில் ஆட்கள் பருத்துத் தெரிகிறார்கள். சேலையில் முந்தானை வெட்டுப்படுகிறது. என்ன செய்வது?

பதில்: சிக்கல் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. மொபைல் படம் பெரும்பாலும் 4:3, உதாரணமாக 4000 × 3000. உங்கள் பேனர் 3:1. அகலத்தை 1200 ஆக்கினால் உயரம் தானாக 900 வரும். அதை 400 என்று மாற்றி அடித்தால் உயரம் மட்டும் நசுங்கி, ஆள் இரண்டேகால் மடங்கு பருத்துவிடுவார். அதனால் பேனர் படத்தை முதலில் விகிதத்துக்கு வெட்டுங்கள். அளவைக் குறைப்பது அதற்குப் பிறகுதான்.

இலவச மென்பொருளான கிம்ப் இதற்குப் போதும். படத்தைத் திறக்கும்போது திருப்பவா என்று கேட்டால் சம்மதியுங்கள். இல்லையென்றால் சில படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். கிராப் கருவியை எடுத்து, அதன் அமைப்பில் 'ஃபிக்ஸ்ட்' என்பதை டிக் செய்து, 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வில் 3:1 என்று கொடுங்கள். இனி கட்டத்தை எப்படி இழுத்தாலும் விகிதம் மாறாது. முகம் உள்ளே வருமாறு நகர்த்தி எண்டர் தட்டுங்கள். பிறகு 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்' போய் அகலம் 1200 கொடுங்கள். பக்கத்திலுள்ள சங்கிலி பூட்டியிருந்தால் உயரம் 400 தானே வரும். ஒன்றிரண்டு பிக்சல் கூடக்குறைய வந்தால், சங்கிலியைத் திறந்து 400 என்று திருத்துவதில் தவறில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 4000 × 3000 படத்தில் 3:1 என்றால் முழு அகலத்தையும் எடுத்தாலும் 1333 பிக்சல் உயரம்தான் மிஞ்சும். பாதிக்கு மேல் போய்விடுகிறது. தலை முதல் கால்வரை நிற்கும் ஆளை எந்த மென்பொருளாலும் அதற்குள் கொண்டுவர முடியாது. பேனருக்கென்றே போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, பின்னால் தள்ளி நின்று, முக்கியமானதெல்லாம் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குமாறு தனியாக ஒரு படம் எடுங்கள்.

சேலைப் படத்தை வெட்டவே கூடாது. பார்டரும் முந்தானையும் தெரியாமல் யார் வாங்குவார்கள்? 3000 × 4000 நெடும்படத்தின் உயரத்தை 800 ஆக்குங்கள்; அகலம் 600 வரும். அடுத்து 'கேன்வாஸ் சைஸ்' போய், சங்கிலியைத் திறந்து 800 × 800 கொடுத்து, 'சென்டர்' அழுத்துங்கள். இருபுறமும் 100 பிக்சல் காலியிடம் கிடைக்கும். பின்னணி நிறத்தை வெள்ளையாக வைத்து 'ஃப்ளாட்டன் இமேஜ்' கொடுத்தால் அது நிரம்பிவிடும். எல்லாச் சேலைக்கும் ஒரே நிறம் வையுங்கள். பட்டியல் பக்கம் சீராக இருக்கும்.

பொடிக்கட்டமும் ஜரிகையும் உள்ள சேலையைச் சிறிதாக்கும்போது, துணியில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றலாம். 'ஸ்கேல் இமேஜ்' பெட்டியில் 'இன்டர்பொலேஷன்' என்பது 'நன்' (None) என்று இருந்தால் இது அதிகமாகும். 'கியூபிக்' அல்லது 'நோஹாலோ'வுக்கு மாற்றிப் பாருங்கள். சிறிதாக்கிய படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால், கடைசியில் லேசாக ஷார்ப்பன் செய்யலாம்.

சேமிக்கும்போது 'எக்ஸ்போர்ட் அஸ்' மூலம் ஜேபெக், தரம் 80 முதல் 85. ஜேபெக்கை மறுபடி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். அதனால் மூலப் படத்தைத் தனியே வைத்து, திருத்தம் வேண்டுமென்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 72 ஆ, 300 ஆ என்று குழம்ப வேண்டாம். அது அச்சுக்கான கணக்கு. தளத்தில் பிக்சல் எண்ணிக்கைதான் பேசும். வாட்ஸ்அப்பில் படமாக வருவது பெரும்பாலும் பிக்சல் குறைந்து வரும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் மங்கல்தான் மிஞ்சும்.

வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் 150 × 150 சிறுபடம் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். நீங்கள் ஏற்றுவது ஏற்கெனவே சதுரமாக இருந்தால் எதுவும் வெட்டுப்படாது. அமைப்பில் அளவை மாற்றினாலும் முன்பு ஏற்றிய படங்கள் பழைய அளவிலேயே இருக்கும். அவற்றுக்கு 'ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ்' என்ற செருகியை (பிளகின்) ஒருமுறை ஓட்டுங்கள்.